பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்: வட ஆற்காட்டுத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இருக்கும் எல்லாப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், பி.டி. சார்களுக்கும், சத்துணவு அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் குடியாத்தம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்று பெரிய பெயர், வார்டில் எல்லோரும் ஏ.எல்.எல். என்பார்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். வேலூரில் சிகிச்சை எடுத்தோம். இன்று அவன் பிளஸ் டூ படிக்கிறான், நன்றாக இருக்கிறான். அதனால் இந்த மடலில் பண உதவி கேட்கப்போவதில்லை, எந்த டாக்டரைப் பற்றியும் குறை சொல்லப்போவதில்லை. உங்களிடம் பேச வேண்டியது வேறு. பிள்ளைக்குக் கேன்சர் என்று தெரிந்த நாளிலிருந்து குணமாகும் வரைக்கும் அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் யாரும் வந்து சொன்னதில்லை. டாக்டர்கள் எங்களிடம் சொல்வார்கள், பயத்தில் பாதி எங்கள் காதில் ஏறாது, மீதிப் பாதியை உங்களிடம் வந்து சொல்லக் கூச்சமாக இருக்கும்.

கேட்பது ஒன்றுதான். சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் வராவிட்டாலும் அவன் உங்கள் மாணவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், அப்படி வைத்துக்கொண்டால் உங்கள் பக்கம் என்னென்ன வேலை வரும் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். அட்மிட் ஆன சில வாரத்தில் அவன் அப்பா லீவு லெட்டரோடு போனபோது, "ரெண்டு மூணு வருஷம் வைத்தியம்னு சொல்றீங்க, அவ்ளோ நாள் பேரை வச்சிருக்க முடியாதுங்க, டிசி வாங்கிக்குங்க, குணமானப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, இரக்கமாகத்தான் சொன்னார்கள். எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவில் தினமும் வருகை ஏற்ற வேண்டும், மேலே இருந்து கேள்வி வரும், அதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் அன்றைக்கு அவன் அப்பா அந்த டிசி-யை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தபோது, டாக்டர்கள் குணமாகும் என்கிறார்கள், பள்ளிக்கூடம் அவனை முடித்துவிட்டதே என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. எட்டு வயதுப் பையன் கேட்ட கேள்வி, "என் எடத்துல இப்ப யாரு உட்கார்றா?" என்பது. மருந்தைப் பற்றியோ முடி கொட்டுவதைப் பற்றியோ அவன் அவ்வளவு கேட்டதில்லை.

அப்புறம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அங்கிருந்த தலைமையாசிரியை பிள்ளையைப் பார்க்காமலே, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். வகுப்பு டீச்சர் சாயங்காலம் கரும்பலகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், சில நாள் சொல்வதை எழுதுதல் பயிற்சிக்குத் தன் குரலிலேயே பத்துச் சொல் சொல்லி அனுப்புவார். இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க வலது கையால் அவன் எழுதுவான், சில நாள் எழுதமாட்டான், தூங்கிவிடுவான். எழுதினானா இல்லையா என்பது பெரிய விஷயமே இல்லை. வார்டில் மற்ற பிள்ளைகள் "உனக்கு ஸ்கூல் இருக்கா?" என்று கேட்பார்கள், அவன் இருக்கு என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் காட்ட முடிந்தால் இந்த மடலே தேவையில்லை.

சட்டமும் உங்களுக்குத் துணையாகத்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைத் தொடக்கக் கல்வி முடியும் வரை பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. படிப்பு விட்டுப்போன பிள்ளை என்றாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் தேக்கி வைப்பதும் இல்லை. அப்படியிருக்க ஒரு கீமோ பிள்ளைக்கு ஏன் டிசி? பத்து, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் பாடுதான் கஷ்டம். எலும்பில் வரும் கேன்சரும், லிம்போமா என்கிற நிணநீர்க் கேன்சரில் சில வகையும் அந்த வயதில்தான் அதிகம் பார்க்கிறோம், கால் எடுக்க வேண்டி வந்த பிள்ளைகள் உண்டு, சரியாகப் பொதுத்தேர்வு நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு வருகை நாள் குறைந்தால் "உன்னால எழுத முடியாது" என்று அங்கேயே முடித்துவிடாமல், மருத்துவச் சான்றை இணைத்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் தேர்வுத் துறைக்கும் நீங்களே எழுதுங்கள், கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் கேளுங்கள். ஒரு தாய் அந்த அலுவலகப் படியில் நின்று கேட்பதும் ஒரு தலைமையாசிரியர் கடிதம் எழுதிக் கேட்பதும் ஒன்றா?

சிகிச்சை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே வழி புரியும். ஏ.எல்.எல்.-க்கு மொத்தம் இரண்டு, இரண்டரை வருஷம். முதல் ஒரு மாதம் ஸ்டீராய்டும் ஊசியும் சேர்ந்து வரும், முகம் வீங்கி உருண்டையாகிவிடும், நடு ராத்திரியில் எழுந்து சோறு கேட்பார்கள், காரணமில்லாமல் கத்துவார்கள். அதற்குப் பிறகு சில மாதம் கடும் கீமோ, முதுகுத்தண்டில் போடும் ஊசி, அடிக்கடி அட்மிஷன். இந்தக் காலத்தில் பள்ளிக்கு வர முடியாது. ஆனால் அது முடிந்தபின் மெயின்டனன்ஸ் என்று ஒரு கட்டம் வருகிறது. அதுதான் நீளம், ஒன்றரை வருஷத்துக்கு மேல் போகும். தினமும் ராத்திரி ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை இன்னொரு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, ஊசி. இந்தக் கட்டத்தில் முடி முளைத்திருக்கும், பிள்ளை ஓடி ஆடும், டாக்டர்களே பள்ளிக்கு அனுப்புங்கள் என்பார்கள். இங்கேதான் பள்ளிகள் இரண்டு விதமாகத் தடுமாறுகின்றன. கேன்சர் என்றால் படுக்கைதான் என்று நினைத்து "ரெஸ்ட் எடுக்கட்டும், அடுத்த வருஷம் வரட்டும்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம். முடிதான் வந்துவிட்டதே, குணமாகிவிட்டது என்று நினைத்து "இன்னும் எதுக்கு மாசாமாசம் லீவு?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டாவது ஆபத்தானது. பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரியும்போதுதான் குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விடுகின்றன. பஸ் காசு, வேலூரில் ரூம் வாடகை, ஆம்பூர் ஷூ கம்பெனியில் லீவு போட்டால் போகும் கூலி, வீட்டில் விட்டுவந்த இன்னொரு குழந்தை என்று ஏற்கனவே ஆயிரம் காரணம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கொண்டாலும் இதையெல்லாம் பார்த்துக்கொள்வதில்லை. அதோடு பள்ளியும் லீவைப் பற்றிக் கேட்டால் அவர்கள் எந்தத் தேதியை விடுவார்கள்? ஆஸ்பத்திரித் தேதியைத்தான் விடுவார்கள், ஏனென்றால் பிள்ளை பார்க்க நன்றாக இருக்கிறான். மாத்திரையையும் ஊசியையும் இடையில் நிறுத்தினால் நோய் திரும்பி வர வழியாகிவிடும், திரும்பி வந்த நோயை அடக்குவது முதல் தடவையைவிட ரொம்பக் கடினம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உலகம் முழுக்கப் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. அந்த இடைவெளிக்கு மருந்து கிடைக்காதது, தாமதமாகக் கண்டுபிடிப்பது என்று பல காரணம் இருக்கிறது, பாதியில் விடுவதும் அதில் பெரிய காரணம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் காரணம் உங்கள் லீவு லெட்டரிலிருந்து வரக் கூடாது. ஆஸ்பத்திரித் தேதியும் பரீட்சைத் தேதியும் மோதினால் பரீட்சையைத் தள்ளி வையுங்கள், அவனுக்கு மட்டும் வேறொரு நாள் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது தொற்று. இதைத் தயவுசெய்து உங்கள் பள்ளியில் எல்லோருக்கும் சொல்லுங்கள்: கேன்சர் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது. என் மகன் திரும்பிப் போன முதல் வாரத்தில் ஒரு பாட்டி வந்து தன் பேத்தியை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னார். டீச்சர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரம் பேசி அனுப்பினார். பேத்தி அதே பெஞ்சில்தான் இருந்தாள். பயப்பட வேண்டியது நாங்கள்தான், உங்கள் பிள்ளைகளிடமிருந்து எங்கள் பிள்ளைக்கு வருவதைப் பார்த்து. கீமோவில் இருக்கும்போது "கவுண்ட்" இறங்கும், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும், நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் சாதாரணச் சளிக் கிருமிகூட உயிருக்கு உலை வைக்கலாம்.

அதில் முக்கியமாக அம்மை. நம் பக்கம் சின்னம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவோம், ஆத்தா வந்திருக்கிறாள் என்போம், டாக்டரிடம் போகமாட்டோம், வெளியே அதிகம் சொல்லவும் மாட்டோம். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனால் மாசி, பங்குனி, சித்திரையில் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்று காதில் விழுந்த உடனே, அன்றைக்கே, சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அம்மை வந்த பிள்ளையோடு ஒரே அறையில் இருந்திருந்தால் போதும், கீமோ பிள்ளைக்கு அது நுரையீரல் வரைக்கும் போய்விடக் கூடும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர்கள் நோய் வரும் முன்பே மருந்து கொடுத்துத் தடுக்கப் பார்ப்பார்கள், அதற்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப்போனால் பலனில்லை. தட்டம்மைக்கும் இதே கதைதான். எங்கள் வார்டில் அம்மையால் போன பிள்ளை ஒன்று உண்டு. கேன்சர் அடங்கியிருந்தது, அம்மைதான் கொண்டுபோனது. யாராவது ஒரு போன் செய்திருக்கலாம்.

காய்ச்சலும் அப்படித்தான். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி வந்துவிட்டால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்து ஆபீஸ் ரூமில் படுக்கவைத்துவிட்டு நாலரை மணி வரைக்கும் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்பது அங்கே விதி, அவ்வளவு அவசரம். பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ வேலூர் போய்ச் சேரவே எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், மலை ஊர்ப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அம்மாவுக்குப் போன் போடுங்கள், போகவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த அம்மா நம்பரும் ஆஸ்பத்திரி நம்பரும் இருக்கட்டும், டீச்சர் லீவு என்றால் வேறு யாராவது எடுத்துப் பார்க்கும்படி.

பள்ளியில் கொடுக்கும் மாத்திரை, தடுப்பூசி எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் வீட்டில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மற்றவர்களுக்கு நல்லது. ஆனால் பல முறை ரத்தம் ஏற்றிய பிள்ளைகளுக்கு உடம்பில் இரும்பு ஏற்கனவே கூடியிருக்கலாம், தடுப்பூசிகளில் சிலது கீமோ நேரத்தில் போடவே கூடாது. சத்துணவு அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள், சுடச்சுட இருக்கும்போதே அவனுக்கு முதலில் போட்டுவிடுங்கள், அது போதும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருப்பார், அடிக்கடி ஒண்ணுக்குப் போக வேண்டி வரும், கை தூக்கினால் மறுபேச்சு இல்லாமல் அனுப்பிவிடுங்கள்.

பி.டி. சார்களே, உங்களிடம் தனியாக ஒன்று. வின்கிரிஸ்டின் என்ற மருந்தால் கால் நரம்பு பலவீனமாகும், பாதம் தொங்கி, நடக்கும்போது தடுக்கும், படியேறுவது சிரமம். பேனா பிடிக்கும் விரலும் தளரும். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்திருந்தால் சின்ன அடிகூட ரத்தக் கட்டாகும், மூக்கில் ரத்தம் வரும். கபடியும் கோகோவும் கொஞ்ச நாள் வேண்டாம், சரி. அதற்காக மர நிழலில் எல்லோருடைய பைக்கும் காவல் வைத்து உட்காரவைத்துவிடாதீர்கள். விசில் கொடுங்கள், புள்ளி எழுதச் சொல்லுங்கள், அணிக்குள்ளேயே இருக்கட்டும். தலைமையாசிரியர்கள், முடிந்தால் அந்த வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது வகுப்பில் என்ன சொல்வது என்பது. திரும்பி வரும் பிள்ளை வேறு உருவத்தில் வருவான், மொட்டைத் தலை, முகக்கவசம், உப்பிய கன்னம், சட்டைக்குள் நெஞ்சில், மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைத்த போர்ட்டின் மேடு. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் வந்த குழந்தை என்றால் ஒரு கண் செயற்கைக் கண்ணாக இருக்கலாம். பிள்ளைகள் பார்ப்பார்கள், கேட்பார்கள், சிலர் கேலி செய்வார்கள். அவன் வருவதற்கு முந்தின நாளே, வீட்டில் அனுமதி கேட்டுவிட்டு, வகுப்பில் சொல்லிவிடுங்கள். எதையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. எங்கள் டீச்சர் செய்ததை அப்படியே சொல்கிறேன். பள்ளிச் சுவரோரம் நித்தியகல்யாணி பூத்திருந்தது, நம் ஊரில் அது முளைக்காத இடம் ஏது, கேட்பாரில்லாமல் கிடக்கும். ஒரு கிளையைப் பறித்து வந்து, "இந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்துதான் அவனுக்கு ஊசியாப் போடறாங்க" என்று காட்டினார். அது உண்மை. வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது, 1960-களிலிருந்து பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அது இல்லாமல் வைத்தியமே இல்லை என்ற அளவுக்கு ஆகிவிட்டது. அதற்கப்புறம் கேலி அனேகமாக நின்றுபோய், ஊசி எங்கே போடுவார்கள், வலிக்குமா, முடி திரும்ப வரும்போது சுருட்டையாக வருமா என்று கேள்வியாகிவிட்டது. சில பேருக்குச் சுருட்டையாகத்தான் வரும்.

பெரிய வகுப்பாக இருந்தால் அறிவியல் ஆசிரியர்கள் சுப்பாராவ் கதையைச் சொல்லலாம். எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய அமினோப்டெரின் மருந்தைத்தான் 1947-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் லுக்கீமியா வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் எழுந்து விளையாடினார்கள், தற்காலிகம்தான், ஆனாலும் அதுதான் தொடக்கம். என் மகன் வாரத்துக்கு ஒருமுறை விழுங்கிய மெத்தோட்ரெக்சேட் அந்த மருந்தின் நெருங்கிய சொந்தம். மெட்ராஸில் படித்த ஒருவர் இதில் இருக்கிறார் என்று கேட்டபோது என் மகனுக்கு அந்த மாத்திரை மேல் இருந்த வெறுப்பே கொஞ்சம் குறைந்தது.

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிகிச்சை முடிந்தபின் சில பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும், மனக்கணக்கு மெதுவாகும், எழுதுவதில் வேகம் குறையும். முதுகில் போகும் மருந்து, தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு இவற்றால் அப்படி ஆவது உண்டு, வருஷங்கள் கழித்துக்கூடத் தெரியவரும். "முன்னாடி நல்லாப் படிச்சான், இப்ப சோம்பேறி ஆயிட்டான்" என்று சொல்லும் முன் அவன் எந்த வழியாக வந்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். முன் பெஞ்சு, கொஞ்சம் கூடுதல் நேரம், பெரிய கேள்வியைத் துண்டாக்கிக் கேட்பது, இவை செலவில்லாத உதவிகள். என் மகனுக்கு இன்றும் ஏழாம் வாய்ப்பாடு திக்கும், இயற்பியல் நன்றாக வரும். வருஷத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுக்கிறோம், கீமோ மருந்துகளில் ஒன்று இதயத்தைப் பாதிக்கக் கூடியது என்பதால். குணமான பிறகும் இந்தக் கண்காணிப்பு விடாமல் இருக்கும், அந்த ஒருநாள் லீவுக்கும் முகம் சுளிக்காதீர்கள்.

இன்னும் ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளை எல்லோருமே விட்டுவிடுகிறோம். நோய் வந்த பிள்ளையின் அக்கா, அல்லது தம்பி. என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. நானும் அவரும் வேலூரில், அவள் பாட்டி வீட்டில். காலையில் சோறாக்கிவிட்டுப் பள்ளிக்குப் போவாள். பள்ளியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் "தம்பி எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்பார்கள். நீ எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. வயதுக்கு வந்ததும் அந்த நேரத்தில்தான், நான் பக்கத்தில் இல்லை. மார்க் சரிந்தது, ஒரு நாள் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று வெளியே நிறுத்தினார்கள், ஏன் எழுதவில்லை என்று அவளும் சொல்லவில்லை. இந்த மாதிரி வீட்டுப் பெண்பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு நின்று, வீட்டைப் பார்த்துக்கொண்டு, பிறகு பீடி சுற்றவோ ஷூ கம்பெனிக்கோ போய்விடுவதைக் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆசிரியர்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கேன்சர் என்று தெரிந்தால் அந்த வீட்டின் மற்ற பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருவதில்லை. அதையும் எழுதாமல் விட்டால் எங்களோடு வார்டில் இருந்த அம்மாக்களுக்குத் துரோகம் செய்தது போல் ஆகும். அப்படி ஒரு பிள்ளை போய்விட்டால் வகுப்பில் சொல்லுங்கள், "ஊருக்குப் போயிட்டான்" என்று மழுப்ப வேண்டாம், அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அழட்டும். அவன் நோட்டுகளையும் வரைந்த படங்களையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். ராணிப்பேட்டை பக்கத்து அம்மா ஒருவர், தன் மகளின் கணக்கு நோட்டு ஒன்று கிடைக்குமா என்று பள்ளியில் கேட்கத் தைரியம் இல்லாமல் எத்தனையோ நாள் பள்ளி வாசலுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

கொல்கத்தாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேலூருக்கு வருகிறார்கள். 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று செய்த ஊர் இது. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் நமக்கு அவ்வளவு பெரிய வைத்தியம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை வார்டில் வைத்தே படிக்க வைக்க, பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை வாரம் சில நாள் அனுப்ப முடியுமா என்று கல்வித் துறை யோசித்தால் ரொம்ப நல்லது. பல நாடுகளில் மருத்துவமனைக்குள்ளேயே பள்ளி நடக்கிறது. ஆனால் அதற்கு ஆணை வர வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், நாளாகும். நான் கேட்கிற மற்ற எதற்கும் ஆணை தேவையில்லை.

உங்கள் பள்ளியில் இப்போது இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நீண்ட நாள் வரவில்லை என்ற பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், நாளைக்குக் காலை பிரேயர் முடிந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அம்மா எடுப்பார், பயந்துபோய் எடுப்பார், டிசி பற்றித்தான் பேசப்போகிறீர்கள் என்று நினைப்பார். பெயர் அப்படியே இருக்கிறது, எடுக்கமாட்டோம் என்று முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பிறகு பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இந்த வாரம் என்ன பாடம் நடக்கிறது, யார் யார் அவனைக் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா